வேறொரு வாசகர் படித்துக்கொண்டிருக்கிறார்

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் முடிகின்றன. ஆண்டு நிறைவு நாளில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் குறைப் பட்டியல் போடுவேன். முதல் ஆண்டில் இருபத்தாறு குறைகள் இருந்தன. இரண்டாம் ஆண்டில் பதினாலு. சென்ற ஆண்டு மூன்றே மூன்று: வெயில் போதாமை, கொத்தமல்லிக் கட்டின் அளவு, சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் இரண்டு குழாய்களில் தனித்தனியாக வருவது.

இந்த ஆண்டுப் பட்டியலை எழுத உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மாளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

“ஏட்டி க்யூசி, சொகமா இருக்கியா? ஒரு ஒதவி வேணும். ஒனக்குப் பிடிக்காத ஒதவிதான். இருந்தாலும் கேக்குதேன்.”

பேச்சிக்கு ஓட்டப்பிடாரம் பக்கம். எனக்குத் திண்டிவனம் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் இரண்டரை ஆண்டு ஒன்றாக இருந்தோம். இருவருக்கும் ஒரகடம் சாலையில் ஒரே ஆலையில்தான் வேலை. கார்களுக்குள் பொருத்தும் சர்க்யூட் போர்டுகள் செய்யும் ஆலை. அவள் லைனில் போர்டு செய்வாள். நான் தரப் பரிசோதனையில் உட்கார்ந்து அவள் செய்ததைத் திருப்பி அனுப்புவேன். அதனால் என் பெயர் க்யூசி. கயல்விழி என்ற பெயர் வருகைப் பதிவேட்டுக்கும் என் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

பேச்சி அப்போதே எழுதிக்கொண்டிருந்தாள். தேநீர் இடைவேளையில், ஆலைப் பேருந்தில், போனில் கட்டை விரலால். எங்களைப் போன்றவர்கள் தங்கும் அறைகளைப் பற்றி மொத்தம் பன்னிரண்டு கட்டுரைகள். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் இப்போது அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவருகிறது. அட்டைகூட அச்சாகிவிட்டது. அட்டையில் ‘ஆளுக்கு ஏழு நிமிடம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது பன்னிரண்டாவது கட்டுரையின் தலைப்பு.

பிரச்சினை என்னவென்றால் பன்னிரண்டாவது கட்டுரை இல்லை.

அது இருந்த போன் குளியலறை வாளிக்குள் விழுந்து இறந்துவிட்டது. அதை வெளியிட்டது இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இணைய இதழ். ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஒற்றை ஆளாக நடத்தினார். கண் பார்வை மங்கியதும் நிறுத்திவிட்டார். தளமும் போயிற்று. அடுத்த திங்கட்கிழமைக்குள் கட்டுரை வரவில்லை என்றால் புத்தகத்தைக் காலவரையறை இல்லாமல் தள்ளிவைப்பதாகப் பதிப்பகம் சொல்லிவிட்டது.

நான் உடனே அழைத்தேன்.

“மறுபடி எழுதிடேன் பேச்சி. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே.”

“எழுதிப் பாத்தேன்ட்டி. நாலு தடவ. வரமாட்டேங்கு.”

“ஏன்?”

“அத எழுதும்போது ஒம்மேல பயங்கர கோவத்துல இருந்தேன். இப்பக் கோவம் இல்ல. அந்தக் காரம் வரணும்ல.”

2

அந்தக் கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் நான்கு பேர், ஒரு குளியலறை. காலை ஷிப்டுக்கு ஆலைப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு வரும். நான் போன முதல் வாரம் தினமும் சண்டை நடந்தது. யாராவது ஒருத்தி தலையில் சோப்பு நுரையோடு பேருந்தைப் பிடித்தாள். இரண்டாம் வாரம் நான் ஒரு பட்டியல் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். ஆளுக்கு ஏழு நிமிடம். டெய்சி ஐந்து மணி. பேச்சி ஐந்து ஏழு. நான் ஐந்து பதினாலு. முத்துலட்சுமி ஐந்து இருபத்தொன்று. காலம் தவறினால் ஒரு வாரம் அறையைப் பெருக்க வேண்டும்.

வீட்டுக்கார லோகம்மா மாடிக்கு வந்து பட்டியலைப் படித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, குளிக்கிறதுக்கு டைம் டேபிளா? எங்க வூட்டு பாத்ரூம்ல ரயிலா வுடப் போற?”

“தண்ணி மிச்சம் ஆகும்க்கா” என்றேன்.

“அப்ப சரி. இன்னும் பெருசா எழுதி ஒட்டு. கீழ் வூட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு குடு.”

பட்டியல் வென்றது. இரண்டரை ஆண்டு யாரும் பேருந்தைத் தவறவிடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த செயல்முறை மேம்பாடு அதுதான். இங்கே நேர்காணலில்கூட அதைச் சொன்னேன். குளியலறை என்று சொல்லாமல் ‘பொதுவான ஒரு வளம்’ என்று சொன்னேன். வேலை கிடைத்தது.

வேலை கிடைத்ததை அறையில் நான் சொல்லவில்லை. விசா கையில் வராமல் சொல்லி, பிறகு அது வராமல் போனால், ஆலையிலிருந்து சுங்குவார்சத்திரம் தேநீர்க் கடை வரைக்கும் ‘லண்டன் போயிட்டு வந்துட்டியா’ என்று கேட்பார்கள். எங்கள் லைனில் ஒருத்தி துபாய்க்குப் போகப் போவதாகச் சொல்லிப் போகாமல் இருந்ததற்கு, ஓராண்டு கழித்தும் அவளை ‘ஷேக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் விமானத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னேன். டெய்சி அழுதாள். முத்துலட்சுமி பெட்டி கட்டித் தந்தாள். பேச்சி மட்டும் எழுந்து போய்ப் பல் தேய்த்தாள். அப்போது மாலை ஆறு மணி.

இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் இணைய இதழில் ‘ஆளுக்கு ஏழு நிமிடம்’ வந்தது. இணைப்பை டெய்சி அனுப்பினாள். முதல் பத்தியில் ‘எங்கள் அறையில் ஒரு தர ஆய்வாளர் இருந்தாள். எங்கள் போர்டுகளில் குறை கண்டு முடித்த பிறகு மிச்ச நேரத்தில் எங்களிடம் குறை காண்பாள்’ என்று இருந்தது. என் முதல் குளிர்காலம் அது. அதற்கு மேல் படிக்காமல் பக்கத்தை மூடிவிட்டேன். அதன் பிறகு நானும் பேச்சியும் பேச ஆரம்பித்தோம். கட்டுரையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

எனக்குப் பிடிக்காத உதவி என்று அவள் சொன்னது அதனால்தான்.

3

மருத்துவர் ஐயாவைப் பேச்சி தந்த எண்ணில் அழைத்தேன். மிகவும் வருத்தப்பட்டார். தன்னிடம் எதுவும் மிச்சமில்லை என்றார். பிறகு, “ஆனால் சட்டம் எடுத்து வைத்திருக்குமே, அம்மா” என்றார்.

இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே எது வெளியானாலும் அதில் ஒரு பிரதி நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஊரிலும் அச்சிட்ட புத்தகத்துக்கு அப்படி உண்டு. இவர்கள் இணையத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இணையதளத்தை நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. நூலகத்தின் கணினியே அவ்வப்போது வலம் வந்து, கண்ணில் பட்டதை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆக, ஒரகடம் சாலையில் பேருந்தில் நின்றுகொண்டு கட்டை விரலால் எழுதிய கட்டுரை, அரசு ஆவணங்களும் விஞ்ஞான ஆய்வுகளும் இருக்கிற அதே பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. இதைக் கேட்டுப் பேச்சி, “தண்ணியில விழாதுல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

இருக்கிறது என்பது ஒன்று. கிடைக்கும் என்பது வேறு. விதிகளை எழுதிக்கொண்டேன்.

அ. அப்படிப்பட்ட நூலகங்கள் இந்தத் தீவுகளில் ஆறுதான். அவற்றின் கட்டடத்துக்குள், அவர்களுடைய கணினியில்தான் படிக்கலாம். என் வீட்டுக் கணினியில் தெரியாது.

ஆ. ஒரு நூலகத்தில் ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம்.

இ. நகல் எடுக்கவோ படம் பிடிக்கவோ மின்னஞ்சலில் அனுப்பவோ கூடாது.

ஈ. சிறு பகுதியை அச்சிடலாம். கையால் எழுதிக்கொள்ளலாம்.

நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுதியவளே கேட்டாலும் தர முடியாதா என்றேன். வெளியிட்டவரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வெளியிட்டவரிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது என்றேன். ஆமாம், எங்களிடம் மிகவும் பத்திரமாக இருக்கிறது என்றார்கள்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு ‘ஆ’ விதி பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. திரையில் தெரிவதை ஏன் ஒருவர் மட்டும் பார்க்க வேண்டும்? காகிதப் புத்தகம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தானே இருக்கும், அது போலத்தான் இதுவும் என்பது சட்டத்தின் எண்ணம். எனக்கு உடனே புரிந்தது. ஒரு குளியலறை, ஒரு நேரத்தில் ஒருவர். உள்ளே ஆள் இருந்தால் வெளியே நிற்க வேண்டும். நானே சட்டம் போட்டவள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன்.

4

இரண்டு ரயில் மாறிப் போனேன். வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் எடுத்துப் போனவை பதினோரு ஆவணங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டையின் நகல் உட்பட. தாலுகா அலுவலகத்தில் ஒருமுறை நின்றவர்களுக்கு இது தெரியும்: கேட்காத காகிதத்தைத்தான் கடைசியில் கேட்பார்கள். மேசைக்குப் பின்னால் ஹெதர் என்ற பெயர் அட்டை அணிந்த நூலகர் இருந்தார். வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலி மாட்டிய கண்ணாடி. பாஸ்போர்ட்டையும் மின்கட்டண ரசீதையும் பார்த்துவிட்டுப் போதும் என்றார். மற்ற ஒன்பதையும் பார்க்கவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

“எனக்கு ஒரு டவுட்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நம் ஊரில் கேள்வி கேட்பதற்கு முன்னால் சொல்வதுதான். ஹெதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் மேல் எதற்காகச் சந்தேகப்படுகிறேன் என்று யோசித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குப் பிறகும் இந்தச் சொல் என் வாயிலிருந்து போகவில்லை.

பையை அலமாரியில் பூட்ட வேண்டும். போனையும் அதற்குள்ளேயே வைக்க வேண்டும். பேனா கூடாது. உள்ளே கொண்டுபோகும் பொருளை உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் நின்ற மாணவன் முணுமுணுத்துக்கொண்டே செய்தான். எனக்கோ வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. எங்கள் ஆலை வாசலிலும் இதே பிளாஸ்டிக் பைதான். போனின் கேமரா மேல் காவலாளி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒரே வித்தியாசம் பென்சில். ஆலையில் பென்சில் கூடாது, கரித்தூள் போர்டில் விழும், பேனா வைத்துக்கொள்ளலாம். இங்கே பேனா கூடாது, மை புத்தகத்தில் விழும், பென்சில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் பழகியதுபோல் இருந்ததால், கதவருகே வந்ததும் நான் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆலையில் இந்த இடத்தில்தான் காவலாளி அக்கா கருவியால் தடவிப் பார்ப்பார்.

ஹெதர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“கையைக் கீழே போடலாம்” என்றார் மெதுவாக. “நாங்கள் வெறும் நூலகம்தான்.”

5

மூன்றாம் எண் மேசையில் உட்கார்ந்தேன். தேடினேன். வந்தது. பச்சை நிறத் தலைப்பு, மருத்துவர் ஐயாவின் சிரிக்கும் படம், கீழே ‘ஆளுக்கு ஏழு நிமிடம் – பேச்சியம்மாள்’. உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒன்று என் முன்னால் இருந்தது.

முதலில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்தேன். தமிழ் எழுத்துகள் எல்லாம் சிறு சிறு கட்டங்களாக வந்தன. அழகான கட்டங்கள், எல்லாம் ஒரே அளவு. போர்டாக இருந்தால் பாஸ் செய்திருப்பேன்.

ஆகவே பென்சில். தமிழில் கையால் எழுதி நான்கு ஆண்டு ஆகியிருந்தது. என்னோடு வேலை பார்க்கும் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டதென்று வருத்தப்படுவதைக் கேட்டு நானும் சேர்ந்து ‘உச்’ கொட்டியிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. போனது என் கைதான். ‘ழ’ வாலில்லாமல் வந்தது. ‘ணை’ எழுதும்போது யோசிக்க வேண்டியிருந்தது. முதல் பத்திக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

நன்றாக எழுதியிருந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். லோகம்மா தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் ஓசையை வைத்து மணி சொல்வது, டெய்சி ஜெபத்தைக் குளியலறைக்குள் முடித்துவிட்டு வெளியே வந்து ‘ஆமென்’ மட்டும் சொல்வது, எல்லாம் இருந்தது. நான் சத்தமில்லாமல் சிரித்தேன். நான்காம் பத்தி வந்தது.

‘சட்டத்தை எழுதியவள் க்யூசி. ஆளுக்கு ஏழு நிமிடம். அவளுக்கு மட்டும் ஒன்பது. கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் எண்ணியிருக்கிறோம். சொன்னதில்லை.’

பென்சில் நின்றது.

இது உண்மையில்லை. நான் கடிகாரம் வைத்துக் குளித்தவள். ஒரு தரப் பரிசோதகர் மேல் இப்படி ஒரு குற்றச்சாட்டு அச்சில், அட்டை போட்டு, என் அம்மா வாங்கிப் படிக்கும்படி வரப்போகிறது. பேச்சியிடம் மூலப் பிரதி இல்லை. மருத்துவரிடம் இல்லை. இந்த வரி இந்த உலகத்தில் இருக்கும் இடம் இந்தப் பெட்டகம் மட்டும்தான். இங்கே வந்து ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இரண்டு ரயில் மாறி வரப்போவதில்லை.

‘அவளுக்கு மட்டும் ஒன்பது’ முதல் ‘சொன்னதில்லை’ வரை எழுதாமல் விட்டேன். பத்தி நன்றாகவே பொருந்தியது. அடுத்த பத்திக்குப் போனேன்.

ஒரு மணிக்குப் பசித்தது. பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். கடைசி இரண்டு பத்திதான் மிச்சம்.

6

திரும்பி வந்து நான்காம் எண் மேசையில் உட்கார்ந்தேன். இது ஆலைப் பழக்கம். உணவு இடைவேளைக்குப் பிறகு பரிசோதகர்கள் ஒரு மேசை தள்ளி உட்காருவோம். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கண் சோம்பேறி ஆகிவிடும்.

தேடினேன். கட்டுரைக்குப் பதிலாக ஒரு வாசகம் வந்தது. ‘இந்தப் பக்கத்தை இந்நூலகத்தில் வேறொரு வாசகர் படித்துக்கொண்டிருக்கிறார். பிறகு முயலவும்.’

மூன்று முறை படித்தேன். என் மேலெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. இந்த ஊரில், இந்தக் கட்டடத்தில், சுங்குவார்சத்திரத்துக் குளியலறையைப் பற்றி இன்னொருவர் படிக்கிறார். நம் ஊர்க்காரர்தான். வேறு யார்? கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். முதல் மேசையில் கட்டை மீசை வைத்த ஒருவர். மறைமலை நகர் பேருந்து நிலையத்தில் நிற்கவைத்தால் யாரும் வேற்று ஆள் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாம் மேசையில் காலையில் முணுமுணுத்த மாணவன். மூன்றாம் மேசையில் ஆளில்லை, திரை இருட்டாக இருந்தது. ஐந்தாம் மேசையில் ஒரு பெண், நீளமான பின்னல்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் மீசைக்காரருக்குப் பின்னால் நடந்தேன். அவர் பழைய ரயில் கால அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னல் போட்ட பெண்ணின் திரையில் தவளைகள். மாணவன் தூங்கிக்கொண்டிருந்தான். திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு தூங்கியதால் அவன்தான் என்று முடிவு செய்தேன்.

அரை மணி ஆயிற்று. வாசகம் மாறவில்லை. வெளியே போய் அலமாரியைத் திறந்து போனை எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

“பேச்சி, உன் கட்டுரையை இங்க ஒருத்தர் படிச்சிக்கிட்டிருக்காரு. அரை மணியா விடாம படிக்கிறாரு. நான் வெளிய நிக்கிறேன்.”

மறுமுனையில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

“வெள்ளக்காரனா?”

“தெரியல. சந்தேகத்துக்கு ஒரு ஆள் இருக்கான்.”

“அரை மணியாவா? என்னய என் தம்பிகூட அரை மணி படிச்சதில்ல. ஏ முத்து, ஏ டெய்சி, இங்க வாங்க. லண்டன்ல நம்மள ஒருத்தன் படிக்கானாம். பதிப்பகத்துக்குச் சொல்லுதேன், பின்னட்டையில போடட்டும்.”

“பேச்சி, இரு, இது லண்டன் இல்ல. அவசரப்படாத.”

அவள் ஏற்கெனவே இணைப்பைத் துண்டித்திருந்தாள்.

மூன்றே கால் ஆயிற்று. சந்தோஷம் வடிந்து கவலை வந்தது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இனித் திங்கட்கிழமைதான். ஒரு கட்டுரைக்கு ஒருவன் இத்தனை நேரம் எடுப்பானா? உள்ளே போன ஆள் வெளியே வரமாட்டேன் என்கிறானே, வெளியே காத்திருப்பவர்களைப் பற்றி ஒரு எண்ணம் வேண்டாமா என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நான்கு மணி ஆனதும் ஹெதரிடம் போனேன்.

7

“வேறொரு வாசகர் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் பக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்” என்றேன். “அவரிடம் நீங்கள் பேச முடியுமா? நான் பேசினால் சரியாக இருக்காது.”

ஹெதர் தன் கணினியில் தட்டிப் பார்த்தார். என் வாசகர் அட்டையைக் கேட்டு வாங்கி, திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூன்றாம் மேசை” என்றார்.

“அங்கே யாரும் இல்லையே.”

“ஆமாம். காலையில் அங்கே உட்கார்ந்தவர் வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் எழுந்து போய்விட்டார். அதனால் அவர் இன்னும் படிப்பதாகவே கணக்கு.” அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “உச்சரிக்கத் தெரியவில்லை. கயல்விழி என்பது நீங்கள்தானே?”

இதை நம் ஆட்களால்தான் புரிந்துகொள்ள முடியும். எங்கள் லைனில் கணினியை மூடிவிட்டுத் திறக்க நான்கு நிமிடம் ஆகும். ஆனால் ஷிப்டு தொடங்கிய நிமிடத்திலிருந்தே எண்ணிக்கை ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே ஷிப்டு முடிந்து எழுந்து போகிறவள் தன் லாகினை அப்படியே விட்டுவிட்டுப் போவாள், வருகிறவள் அதிலேயே தொடருவாள். விதிப்படி தவறு. ஆனால் ‘லாக் அவுட் பண்ணிட்டுப் போனா’ என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அவளோடு யாரும் டிபன் பாக்ஸ் பகிர மாட்டார்கள். நான் மூன்றாம் மேசையை விட்டு எழுந்தது, எனக்குப் பின் வருபவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். எனக்குப் பின் வந்தவள் நான்.

இதை ஹெதரிடம் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார்.

“அது மிகவும் அன்பான பழக்கம்” என்றார். “இங்கே செய்யாதீர்கள்.”

அமர்வை விடுவிக்க, யாரையோ தொலைபேசியில் பிடித்து, இன்னொரு கடவுச்சொல் வாங்கி, நேரம் நாலரையைத் தாண்டிவிட்டது. மறுபடி மூன்றாம் மேசையில் உட்கார்ந்தேன். கடைசிக்கு முந்திய பத்தியை எழுதி முடித்தேன். கடைசிப் பத்தி இதுதான்.

‘க்யூசி போய்விட்டாள். பட்டியலை நாங்கள் கிழிக்கவில்லை. ஐந்து பதினாலு முதல் ஐந்து இருபத்துமூன்று வரை இப்போதும் அவள் நேரம். அதில் யாரும் குளிப்பதில்லை. மூன்று பேரும் கதவுக்கு வெளியே பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்கள் நாளில் யாரும் அவசரப்படாத ஒன்பது நிமிடம் அதுதான். ஊர்க்கதை எல்லாம் அப்போதுதான் பேசுகிறோம். லோகம்மா மேலே வந்து, “இன்னாத்துக்குடி காலி பாத்ரூமுக்கு க்யூவுல நிக்கிறீங்க?” என்று கேட்டார். புதிதாக வந்த பெண்ணும் கேட்டாள். உள்ளே ஆள் இருக்கு என்று சொன்னோம்.’

பத்தியை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பிறகு என்னுள் இருந்த தரப் பரிசோதகர் தன் வேலையைப் பார்த்தாள். ஐந்து பதினாலிலிருந்து ஐந்து இருபத்துமூன்று ஒன்பது நிமிடம். நான் எழுதாமல் விட்ட வரிகள் இல்லாவிட்டால் இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. கட்டுரை இங்கே வந்து நிற்பதற்காகத்தான் அங்கே என்னைத் திட்டியிருக்கிறாள். நான் கழித்துக் கட்டியது குறையை இல்லை, போர்டின் முக்கியமான ஒரு இணைப்பை.

மேலே நகர்த்தினேன். மூடும் மணி அடித்தது. ஹெதர் சாவிக்கொத்தோடு மேசைகளைச் சுற்றி வந்தார்.

“கொஞ்சம் ஓ.டி. பார்க்கலாமா?” என்றேன்.

கூடுதல் நேர வேலைக்கு ஆலையில் சொல்வது அது; அவருக்குப் புரியவில்லை. ஆனால் பென்சிலையும் என் முகத்தையும் பார்த்தார்.

“ஏழு நிமிடம்” என்றார். “அதற்கு மேல் முடியாது.”

கடைசிப் பத்தியை எழுதினேன். நான்காம் பத்தியில் விட்ட மூன்று வரியை, பக்கத்தின் ஓரத்தில், அம்புக்குறி போட்டு எழுதினேன். ‘அவளுக்கு மட்டும் ஒன்பது.’ புள்ளிகளைச் சரிபார்த்தேன். வெளியேறும் பொத்தானை அழுத்தினேன், அது அழுந்தியதா என்று மறுபடி பார்த்தேன். நிமிர்ந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. கதவுக்கு வெளியே ஹெதர் சாவியோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை.

8

சனிக்கிழமை தட்டச்சு செய்து அனுப்பினேன். கூடவே நடந்ததையும் வரிசையாக எழுதினேன்: வரியை விட்டது, திரும்பச் சேர்த்தது, அந்த வேறொரு வாசகர் யார் என்பது. மறைத்தால் பின்னட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அரை மணியில் பேச்சி அழைத்தாள். அப்போதுதான் ஷிப்டு முடித்து வந்திருந்தாள். பின்னால் லோகம்மா யாரையோ மோட்டாருக்காகத் திட்டும் குரல் கேட்டது.

“ஆக, உள்ள ஆளே இல்லாம, ரெண்டு மணி நேரமாப் பூட்டி வச்சது நீதான்?”

“ஆமாம்.”

“வெளிய நின்னு கோவப்பட்டதும் நீதான்?”

“ஆமாம்.”

“இப்பத் தெரியுதா எங்க கஷ்டம்.” சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. “பதிப்பகத்துக்கு அனுப்பிட்டேன். கெடச்சிட்டுன்னு சொல்லிட்டாங்க. அட்டைக்கு ஏத்த கட்டுர வந்துட்டு. அந்த லண்டன் வாசகர மட்டும் பின்னட்டையில இருந்து எடுக்கச் சொல்லணும்.”

“பேச்சி, ஒண்ணு கேக்கணும். நான் நிஜமாவே ஒன்பது நிமிஷமா எடுத்தேன்? நான் மணி பாத்துதான் குளிப்பேன்.”

“இல்லட்டி. ஒம்பதெல்லாம் இல்ல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது.

“பதினொண்ணு. ஒங்க அம்மா படிப்பாகளேன்னு கொறச்சுப் போட்டேன். அவ்வளவு கோவத்துலயும்.”

நான் குறைப் பட்டியலை எடுத்தேன். நான்காம் ஆண்டுக்கு முதல் வரியாகப் பதினோரு நிமிடம் என்று எழுதினேன். ஆனால் திருத்த வழியில்லை. சட்டப்படி அந்த நூலகத்தில் ஒன்பது என்றுதான் இருக்கிறது. போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் போகலாம். இப்போது வேறு யாரும் படித்துக்கொண்டிருக்கவில்லை.